ஒரே எபிசோட், ஒரு வாரம்: பாட்காஸ்ட் வச்சு இங்கிலீஷ் கேட்டுப் பேசிப் பழகறது எப்படி

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டரப் பாத்துக்கற ஆளா வேலை பாக்கறேங்க. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பையர் அனுப்பற மெயில் எல்லாம் படிப்பேன், பதில் எழுதுவேன், டெக் பேக்ல (துணியோட அளவு, டிசைன் விவரம் எல்லாம் இருக்கற பேப்பர்) ஒரு வரி விடாம புரியும், ஆனா லண்டன்ல இருந்து ஒரு கால் வந்தா போதும் கை சில்லுனு ஆயிரும். ஒரு தடவ அந்தப் பக்கம் இருந்த மேடம் பிபி சாம்பிள் (ப்ரீ-ப்ரொடக்ஷன், மொத்தமா தைக்கறதுக்கு முன்னாடி அனுப்பற மாதிரி) "ஃபிஃப்டீன் டேஸ்"ல வேணும்னாங்க, என் காதுல "ஃபிஃப்டி டேஸ்"னு விழுந்துச்சு. 50 நாள் இருக்கேன்னு நான் பாட்டுக்கு நிதானமா இருந்துட்டேன், 16வது நாள் "சாம்பிள் எங்க"ன்னு மெயில் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பாட்காஸ்ட், அதாவது போன்ல இறக்கிக் கேக்கற ஆடியோ நிகழ்ச்சி பக்கம் போனேன். ரெண்டு வருஷமா செஞ்சு பாத்து எது உருப்படியா இருந்துச்சோ அத மட்டும் இங்க எழுதறேன்.

நம்மள்ல நிறைய பேருக்கு இங்கிலீஷ் கண்ணு வழியா வந்துச்சு, காது வழியா வரல. அதனாலதான் பேப்பர்ல பாத்தா தெரியற வார்த்தை, ஒருத்தர் வேகமா சொன்னா யாரோ தெரியாத ஆளு மாதிரி நம்மளத் தாண்டிப் போயிருது. பாட்காஸ்ட் கேட்டா சரியாயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் முதல் நாலு மாசம் தினம் ஒரு புது எபிசோட் போட்டு பஸ்ல கேட்டுட்டே போனேன், பெருசா ஒண்ணும் மாறல. மாறினது எப்போன்னா, புதுசு தேடறத விட்டுட்டு ஒரே எபிசோட ஒரு வாரம் முழுக்க வச்சுக்கிட்டு, அதுல ஒரு நிமிஷத்த மட்டும் எடுத்து வாயால திருப்பித் திருப்பிச் சொன்னப்பதான். நம்ம வாய்க்கு வராத சத்தம் நம்ம காதுக்கும் பிடிபடாதுங்க, இத நான் அனுபவத்துல பாத்துட்டேன்.

எதுல ஆரம்பிக்கலாம்னா, பிபிசி லேர்னிங் இங்கிலீஷோட "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்". பேருக்கேத்த மாதிரி ஆறு நிமிஷம்தான், வாரம் ஒண்ணு வரும், காசு இல்ல. ரெண்டு பேர் பேசுவாங்க, ஆரம்பத்துல மூணு ஆப்ஷனோட ஒரு கேள்வி கேட்டு வச்சுட்டு கடைசிலதான் பதில் சொல்லுவாங்க, நடுவுல ஆறு புது வார்த்தை வரும், முடிக்கறப்போ அந்த ஆறையும் ஒருமுறை சொல்லிட்டு முடிப்பாங்க. ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது பேசினத எழுத்துல போட்டது, அவங்க வெப்சைட்லயே கிடைக்கும், அது இல்லாத பாட்காஸ்ட் ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம். இன்னொரு முக்கியமான விஷயம், நடுவுல பிபிசியோட வேற ப்ரோக்ராம்ல இருந்து யாராவது ஒரு நிபுணர் பேசினத வெட்டிப் போடுவாங்க. அந்த ரெண்டு பேர் நமக்காகக் கொஞ்சம் தெளிவா பேசறாங்க, இந்த நிபுணர் நமக்காகப் பேசல, அவர் பாட்டுக்கு இயல்பா பேசறார். அந்த முப்பது நாப்பது செகண்டுதான் தங்கம்.

அது கஷ்டமா இருந்தா வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவோட லேர்னிங் இங்கிலீஷ் பழைய எபிசோடுகள தேடிப் பாருங்க. 1959ல "ஸ்பெஷல் இங்கிலீஷ்"னு ரேடியோல ஆரம்பிச்சது அது, கிட்டத்தட்ட 1,500 அடிப்படை வார்த்தைகள வச்சு சின்னச் சின்ன வாக்கியமா, வேகத்தக் குறைச்சு வாசிப்பாங்க. முதல் தடவ கேக்கறப்போ பாதியாவது பிடிபட்டா அந்த எபிசோட் உங்களுக்குச் சரி. பத்துக்கு ரெண்டு வார்த்தைதான் விழுதுன்னா ஒரு படி கீழ இறங்கிக்குங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்போ அந்த வாரத்த எப்படி ஓட்டறதுன்னு பாப்போம். முதல் நாள் ட்ரான்ஸ்கிரிப்ட தொடவே தொடாதீங்க. இயர்போன் போட்டு, கையில வேற வேலை இல்லாம, நிறுத்தாம ரெண்டு தடவ கேளுங்க. புரியாத இடம் வந்தா அப்படியே தாண்டிப் போங்க. முடிஞ்சதும் என்ன பேசினாங்கன்னு நாலு வரி எழுதி வைங்க, தமிழ்ல எழுதினாலும் சரிதான். அவ்வளவுதான் அன்னைக்கு.

ரெண்டாவது நாள்தான் உண்மையான வேலை. எபிசோட்ல ஒரு நிமிஷம் எடுத்துக்குங்க. ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, காதுல என்ன விழுந்துச்சோ அத அப்படியே நோட்ல எழுதுங்க. அர்த்தம் வரலையா, சத்தத்த தமிழ் எழுத்துலயே எழுதி வச்சுக்குங்க. ஒரு வாக்கியத்துக்கு அஞ்சு தடவ வரைக்கும் கேக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். முழு நிமிஷமும் முடிஞ்சப்புறம் ட்ரான்ஸ்கிரிப்டத் திறந்து பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, சிவப்புப் பேனாவுல திருத்துங்க. ஒரு நிமிஷத்துக்கு எனக்கு முதல்ல முக்கால் மணி நேரம் ஆச்சு. இன்னொண்ணு, சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல இது வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இல்லன்னு அவங்களே போட்டிருப்பாங்க, அதனால ஒண்ணு ரெண்டு இடத்துல வித்தியாசம் இருந்தா உங்க காத சந்தேகப்படாதீங்க.

நான் எழுதினதுல ஒண்ணு சொல்றேன். நோட்ல "வாஜு டூ அட்த வீக்கெண்ட்"னு எழுதியிருந்தேன். வாஜுன்னு ஒரு வார்த்தையே இல்லையேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு, ட்ரான்ஸ்கிரிப்ட பாத்தா "வாட் டிட் யூ டூ அட் த வீக்கெண்ட்". நாலாங்கிளாஸ்லயே படிச்ச வார்த்தைங்க அத்தனையும். "டிட் யூ" சேந்து "டிஜு" ஆயிருது, முன்னாடி இருக்கற "வாட்"டோட ஒட்டி "வாஜு" ஆயிருது. நமக்குத் தெரியாதது வார்த்தை இல்ல, அது பேச்சுல என்ன வேஷம் போடுதுங்கறதுதான். தமிழ யோசிச்சுப் பாருங்க, "வந்துகொண்டிருக்கிறேன்"னு புக்குல படிச்சுட்டு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் நம்ம "வந்துட்ருக்கேன்"ங்கறத கேட்டா எப்படி முழிப்பாரோ, அதே மாதிரிதான் நாம அங்க முழிக்கறோம்.

இதுக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு. இங்கிலீஷ்ல எல்லா வார்த்தைக்கும் சம மரியாதை கிடையாது. பொருள் சுமக்கற வார்த்தைய அழுத்திச் சொல்லுவாங்க, டு, ஃபார், ஆஃப், அண்ட், கேன், வாஸ் மாதிரி சின்ன வார்த்தைகள முழுங்கிருவாங்க. கப் ஆஃப் டீங்கறது "கப்ப டீ". ஃபிஷ் அண்ட் சிப்ஸ்ங்கறது "ஃபிஷ்ன் சிப்ஸ்". "ஐ கேன் டூ இட்"ல கேன் காதுல விழவே விழாது, "ஐ க்ன் டூ இட்"னுதான் வரும், அந்த இடத்துல சத்தம் தெளிவா அழுத்தமா கேட்டா அது பெரும்பாலும் "கேன்ட்". முடியும்னு சொன்னாங்களா முடியாதுன்னு சொன்னாங்களாங்கறதே இதுலதான் இருக்கு, கடைசி "ட்"டுக்காகக் காத்திருந்தா அது பல நேரம் வரவே வராது. நாம தமிழ்ப் பழக்கத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் அதோட அளவக் குடுத்து உச்சரிக்கறோம், அதே அளவுல அவங்களும் பேசுவாங்கன்னு காது எதிர்பாக்குது.

மூணாவது நாளுல இருந்து வாய். இத ஷேடோயிங்னு சொல்லுவாங்க, நிழல் மாதிரி பின்னாடியே போறது. அதே ஒரு நிமிஷத்த ஓடவிட்டு, பேசறவங்களுக்கு அரை செகண்ட் பின்னாடி நீங்களும் சத்தமா சொல்லிட்டே வாங்க. நிறுத்தாதீங்க, ஒரு வார்த்தை விட்டுப்போனா அடுத்ததப் பிடிங்க. முதல் ரெண்டு தடவ ட்ரான்ஸ்கிரிப்ட பாத்துக்கிட்டே, அப்புறம் பாக்காம. உதட்டுக்குள்ள முணுமுணுத்தா பிரயோஜனம் இல்ல, நான் மொட்டை மாடியில போய்தான் செய்வேன். நாள் பத்து நிமிஷம் போதும். நாலாவது நாள் அத போன்ல ரெக்கார்ட் பண்ணி ஒரிஜினல ஒரு வாக்கியம், உங்களது ஒரு வாக்கியம்னு மாத்தி மாத்திக் கேளுங்க. தன் குரலத் தானே கேக்க எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கும், மூணு நாள்ல பழகிரும்.

கேக்கறப்போ எத கவனிக்கணும்னா, பிரிட்டிஷ்காரங்க மாதிரி இருக்கான்னு பாக்க வேண்டாம், அது தேவையே இல்ல, தமிழ் வாசம் வீசற இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ்தான். அழுத்தம் சரியான இடத்துல விழுதான்னு பாருங்க. "டெவலப்"புல நாம முதல்ல இருக்கற "டெ"வ அழுத்தறோம், அவங்க நடுவுல "வெ"ல அழுத்தறாங்க. "ஹோட்டல்"ல கடைசிலதான் அழுத்தம். ரெக்கார்டுங்கறது பொருளா இருந்தா முதல் அசையில, செயலா இருந்தா ரெண்டாவது அசையில. அப்புறம் நம்ம நாக்குக்குன்னு சில பழக்கம் இருக்கு: பஸ்ஸு, காருன்னு கடைசியில ஒரு உகரம் சேக்கறது, எம், எல்ங்கற எழுத்துகள யெம் யெல்லுன்னு சொல்றது, ஒன்லிய வொன்லி ஆக்கறது. தமிழ்ல இது இயல்பு, தப்பு இல்ல, ஆனா போன்ல அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு வார்த்தை எங்க முடியுதுன்னே தெரியாமப் போயிரும். ரெக்கார்டிங்ல இத மட்டும் தேடிப் பிடிங்க, ஒரு வாரத்துக்கு ஒரு பழக்கம்.

அஞ்சாவது ஆறாவது நாள் சொந்தமா பேசணும், இத நிறைய பேர் விட்டுர்றாங்க. எபிசோட்ல என்ன பேசினாங்கங்கறத பேப்பர் பாக்காம 4 நிமிஷம் பேசுங்க. உடனே அதையே 3 நிமிஷத்துல, அப்புறம் 2 நிமிஷத்துல. பால் நேஷன்னு நியூசிலாந்துல ஒரு மொழிப் பேராசிரியர், அவர் எழுதினதுல இருந்துதான் இந்த 4/3/2 முறை நிறைய பேருக்குத் தெரிய வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் வேற ஆள்கிட்ட சொல்றதுதான் முறை, ஆள் கிடைக்கலையா போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சுப் பேசுங்க. முதல் ரவுண்டுல அஞ்சு வார்த்தைக்கு ஒரு தடவ நின்னு தேடுவீங்க, மூணாவது ரவுண்டுல வாக்கியம் தானா ஓடும், ஏன்னா என்ன சொல்றதுன்னு யோசிக்கற வேலை முடிஞ்சிருச்சு, எப்படி சொல்றதுங்கறது மட்டும்தான் பாக்கி. எபிசோட்ல வந்த அந்த ஆறு வார்த்தையில குறைஞ்சது ரெண்டு உள்ள வரணும்னு வச்சுக்குங்க, ஆறையும் திணிக்க வேண்டாம். எங்க வீட்ல என் தங்கச்சி பையன் எட்டாவது படிக்கறான், அவனுக்குச் சொல்லிக் காட்டுவேன், "மாமா புரியல, திருப்பிச் சொல்லுங்க"ன்னு அவன் கேக்கற இடம்தான் நான் சரி பண்ண வேண்டிய இடம்.

சில விஷயம் வேண்டாம். தூங்கறப்போ ஓடவிடறது பிரயோஜனமே இல்ல. ட்ரான்ஸ்கிரிப்ட முதல்லயே படிச்சுட்டுக் கேட்டா கண்ணுதான் கேக்குது, காது சும்மா இருக்கு. ஸ்பீடு 0.8 வச்சு எழுதிப் பாக்கலாம், ஆனா அதுலயே தங்கிராதீங்க, ஷேடோயிங் எப்பவும் 1ல தான் பண்ணணும்.

ஆப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ல மூடிட்டாங்க. ஆண்ட்ராய்டுன்னா ஆன்டெனாபாட் இருக்கு, இலவசம், விளம்பரம் கிடையாது, வீட்ல வைஃபைல இறக்கி வச்சுட்டா பல்லடம் ரோட்டுல சிக்னல் போனாலும் ஓடும். ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ்ல 2024ல இருந்து ட்ரான்ஸ்கிரிப்டும் கூடவே ஓடுது, நல்ல வசதி, முதல் நாள் மட்டும் அத மறைச்சு வச்சுக்குங்க.

ஒரு பத்துப் பன்னெண்டு எபிசோட் இப்படி முடிச்சப்புறம் பெரிய பாட்காஸ்டுக்குப் போகலாம். "லூக்ஸ் இங்கிலீஷ் பாட்காஸ்ட்" 2009ல இருந்து வருது, நடத்தறவர் ஒரு இங்கிலீஷ் வாத்தியார், ஒரு மணி நேரம்கூடப் போகும், சமையல் பண்ணிக்கிட்டே கேக்கலாம். கனடா பேச்சு வேணும்னா "குலிப்ஸ்", அமெரிக்கப் பேச்சுன்னா "ஆல் இயர்ஸ் இங்கிலீஷ்". உங்க வேலையில யார் கூடப் பேசறீங்களோ அந்த ஊர்ப் பேச்ச எடுத்துக்குங்க. இங்கயும் தாவாதீங்க, ஒரே ஆளோட குரல், ஒரே மாதிரி தலைப்புன்னு கொஞ்ச நாள் இருந்தா அதே வார்த்தைங்க திரும்பத் திரும்ப வந்து தானா ஒட்டிக்கும்.

ஃபிஃப்டீன் விஷயத்துக்கு வர்றேன். ஃபிஃப்டீன் தனியா வந்தா பின்னாடி "டீன்"ல அழுத்தம், ஃபிஃப்டிக்கு முன்னாடி. ஆனா "ஃபிஃப்டீன் டேஸ்"னு பின்னாடி ஒரு சொல் ஒட்டினா அழுத்தம் முன்னாடி நகந்துரும், அப்போ ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேக்கும், "டீ" நீளறதும் கடைசி "ன்"னும் மட்டும்தான் வித்தியாசம். இத ட்ரான்ஸ்கிரிப்ட்ல நம்பர் வர்ற இடமா பொறுக்கி எடுத்து முப்பது நாப்பது தடவ கேட்டேன். இப்பவும் கால்ல நம்பர் வந்தா "சாரி, ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?"ன்னு கேட்டுருவேன், "ஜஸ்ட் டு கன்ஃபர்ம்"னு தேதியத் திருப்பிச் சொல்லுவேன், அவங்க ஊர்க்காரங்களே அவங்களுக்குள்ள அப்படித்தான் கேட்டுக்கறாங்கன்னு பாட்காஸ்ட் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஏழாவது நாள் மட்டும் இயர்போனக் கழட்டி வச்சுட்டு, ஃபேன் ஓடற ரூம்ல போன் ஸ்பீக்கர்ல அந்த எபிசோட இன்னொரு தடவ கேளுங்க, நெஜ கால் வர்றப்போ சத்தம் அந்த லட்சணத்துலதான் இருக்கும்.