செல் வைத்தால் மட்டும் போதாது: தன்னுடல் தாக்கு நோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னுடல் தாக்கு நோயில், நோயெதிர்ப்பு மண்டலமே உடலின் சொந்தச் செல்களை அழிக்கிறது. அழிந்த செல்லுக்குப் பதில் புதியதை வைப்பது ஒரு வேலை. அதை அழித்த நோயெதிர்ப்பு மண்டலத்தைத் திருத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. 1980களில் மினசோட்டாவில் டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு, அவர்களின் ஒருகரு இரட்டையரிடமிருந்து கணையத்தின் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். மரபணு ஒன்றே என்பதால் நிராகரிப்பு வரவில்லை. ஆனால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்காதவர்களுக்கு, நோயெதிர்ப்பு மண்டலத்தின் பழைய டி செல்கள் திரும்பி வந்து, இன்சுலின் சுரக்கும் புதிய பீட்டா செல்களையும் அழித்தன. பொருத்தம் பார்ப்பது நிராகரிப்புக்கு மட்டுமே மருந்து.

நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையில் இன்னொரு குழப்பம். குணம் தருவது ஸ்டெம் செல் அல்ல. அதற்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தும், டி செல்களைக் குறைக்கும் ஏடிஜி என்ற மருந்தும்தான் தவறான செல்களைத் துடைக்கின்றன. ஸ்டெம் செல் ரத்த உற்பத்தியை மீட்க மட்டும். கிலோ உடல் எடைக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 குறியுள்ள ஸ்டெம் செல்கள் கையில் இல்லாமல் கீமோவைத் தொடங்கினால் ரத்த அணுக்கள் மீளத் தாமதமாகும். அந்தச் செல்களைத் திரட்டுவதிலும் கவனம் வேண்டும்: மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில், ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவரும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியைத் தனியாகப் போட்டால் நோய் திடீரென்று கிளம்பலாம். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தோ ஸ்டீராய்டோ சேர்ப்பது அதனால்தான்.

ஆளைத் தேர்வதில் நடக்கும் பிழைக்குத் திருத்தமே இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில், எம்ஆர்ஐ-யில் புதிய அழற்சித் திட்டுகள் தெரிகிறவர்களுக்கு இந்த ஸ்டெம் செல் சிகிச்சை நன்கு உதவும். அழற்சி ஓய்ந்து, ஊனம் மட்டும் ஆண்டுக்கணக்கில் கூடிவருபவருக்குப் பலன் சொற்பம், அபாயம் மட்டும் முழுசாக. கருமுட்டை, விந்து சேமிப்பைக் கீமோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பெருமளவு போய்விடும். மறுபடி போடுவதற்கான அட்டவணை தேவை. தைராய்டு போன்ற வேறொரு தன்னுடல் தாக்கு நோய் புதிதாக முளைக்கவும் கூடும்.

வருமுன் தடுப்பதில் பொதுவான தவறு, டைப் 1 சர்க்கரை நோய் முழுதாக வெளிப்படும்வரை காத்திருப்பது. 2022இல் அமெரிக்கா அனுமதித்த டெப்லிசுமாப் என்ற மருந்து, பீட்டா செல்லுக்கு எதிரான இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்களும் லேசான சர்க்கரைக் குளறுபடியும் உள்ள இரண்டாம் கட்டத்தில் கொடுக்கப்படுவது; தொடர்ந்து 14 நாள் நரம்புவழி. ஆய்வில் அது நோயைச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. ஒரே ஒரு எதிர்ப்பொருள் இருந்தால் இந்தக் கட்டத்தில் சேராது; ஒரு பரிசோதனையோடு முடிவு கட்டாமல், மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நோய் அடங்கியிருந்தால் அதற்குப் பெயர் அடக்குதல். மருந்தை நிறுத்திய பிறகும் நோய் திரும்பாமல், கிருமிகளை எதிர்க்கும் திறனும் குறையாமல் இருந்தால்தான் சகிப்புத்தன்மை.