குப்பை சேகரிப்புத் தொழிலுக்கு அரசு ஆதரவுடன் கடன்: தென்காசி எல்லையோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தில் குப்பை சேகரிக்கும் தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம் என்றே முதலில் கேட்கிறார்கள். வங்கி மேலாளர் கேட்பதோ, மாதந்தோறும் உங்களுக்குப் பணம் தரப்போவது யார் என்பது. ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பாகவே ஊராட்சி அல்லது பேரூராட்சியின் பணி ஒப்பந்தத்தையோ, விடுதிகளும் திருமண மண்டபங்களும் எழுதித்தரும் சம்மதக் கடிதங்களையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலம் விடுதிகளோடு பேசும்போது, சீசன் மாதங்களில் குப்பை பெருகி மற்ற மாதங்களில் குறைந்துவிடும் என்பதால், எடைக்குக் கூலி பேசாமல் ஆண்டு முழுவதற்கும் ஒரே மாதத் தொகை பேசுவது நல்லது. கடன் தவணை சீசன் பார்த்து வருவதில்லை.

அடுத்து, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஏற்றது. இதற்கு இணையத்தில் விண்ணப்பித்து, மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக வங்கியை அணுகலாம். 2022-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி சேவைத் தொழிலுக்கு 20 லட்சம், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். வீடுவீடாகக் குப்பை எடுப்பது மட்டும் சேவையாகும். மக்கும் குப்பையை உரமாக்குவதையும் சேர்த்தால் உற்பத்தி என்ற தலைப்பில் கேட்க இடமுண்டு. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு ஊரகத்தில் 35 சதவீதமும் நகரத்தில் 25 சதவீதமும் மானியம் உண்டு. பிரித்தெடுக்கும் கொட்டகையைச் செங்கோட்டை நகராட்சிக்குள் போடுவதா, பக்கத்து ஊராட்சியில் போடுவதா என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் 18 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் போடுகிறார் என்று கொள்வோம். அவருடைய பங்கு 5 சதவீதம், அதாவது 90,000 ரூபாய். வங்கி 17,10,000 ரூபாய் தரும். மானியமான 6,30,000 ரூபாய் கைக்கு வராது. வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும், அதுவரை அந்த அளவு கடனுக்கு வட்டி இல்லை. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்கக் கூடாது. கொட்டகை வாடகையைச் சேர்க்கலாம்.

வண்டிக்கு மட்டும் கடன் கேட்டுவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன். செய்த வேலைக்கான பில் தொகை வந்து சேரும் வரை டீசலுக்கும் பணியாளர் கூலிக்கும் வெளியே வட்டிக்கு வாங்கி மிகவும் சிரமப்பட்டேன். குறைந்தது மூன்று மாதச் செலவையாவது நடைமுறை மூலதனமாக, அதாவது அன்றாடச் செலவுக்கான பணமாக, திட்ட அறிக்கையில் காட்டுங்கள். கையுறை, காலணி, பணியாளர் காப்பீடு ஆகியவற்றின் செலவும் அதில் இருக்க வேண்டும். குப்பையில் கை வைப்பவரின் உடல்நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கக் கூடாது.

ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களுக்கு முன்சொன்ன திட்டத்தின் முதல் கடன் கிடைக்காது. அவர்கள் சிறுதொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனை நாடலாம். அதன் பிரிவுகளில் சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் ரூபாய் வரை ஈடில்லாமல் கிடைக்கும். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரையிலும் உண்டு. இத்தகைய கடன்களுக்கு அரசு நிதியம் தரும் உத்தரவாதம் வங்கிக்கானது. அதனால் உங்கள் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எல்லையோரத்தில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு நெல்லைப் பகுதியில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் திருப்பி அள்ளிச் செல்லப்பட்டது. எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் கேரள எல்லையிலுள்ள புளியரை வழியாக வரும் அத்தகைய சுமையை ஏற்றாதீர்கள். மருத்துவக் கழிவை எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும். பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக்கைப் புனலூர், கொல்லம் வியாபாரிகளுக்கு விற்பதானால், மாநிலம் தாண்டிய சரக்கு விற்பனை என்பதால், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்தப் பதிவை முதல் சுமை கிளம்பும் முன்பே பெற்றுவிடுங்கள்.