மிக்ஸி மூடி கூரைக்குப் பறக்காமல் இருக்க

வேகவைத்த தக்காளியைச் சூட்டோடு ஜாரில் போட்டு ஓட்டினால் மூடி எகிறி, விழுது கூரைவரை அடிக்கும். காரணம் நீராவிதான். பிளேடு சுழன்றதும் ஆவி சட்டென்று கிளம்பி, அடைபட்ட ஜாருக்குள் அழுத்தம் ஏறிவிடுகிறது.

15, 20 நிமிடமாவது ஆறவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியின் நடுவில் சிறு அடைப்பான் இருந்தால் அதைக் கழற்றி, ஓட்டையின் மேல் மடித்த துணியை வைத்துப் பிடியுங்கள். ஆவி துணி வழியே போய்விடும். குறைந்த வேகத்தில், விட்டுவிட்டு ஓட்டுங்கள். எடுத்த எடுப்பில் மூன்றாம் வேகம் கூடவே கூடாது.

சிதறிவிட்டதா? துடைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருந்தால் முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். அதிகச் சுமையால் நின்றுபோயிருந்தால், ஆறிய பின் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும்.