ராத்திரி சைக்கிள் எங்கே தூங்கும்?

பைக் என்று சொன்னால் மதுரையில் மோட்டார் வண்டியைத்தான் நினைப்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேசுவது மிதிக்கிற சைக்கிளைப் பற்றி. இதுவரை இரண்டு சைக்கிள் பறிகொடுத்திருக்கிறேன். இரண்டுமே பெரியார் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்திலோ மாசி வீதி நெரிசலிலோ போகவில்லை, குடியிருந்த வீட்டு வாசலில்தான் போயின. அதனால் வீடு பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் சைக்கிளை எங்கே நிறுத்தலாம் என்று கேட்கிறேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இரண்டாவது சைக்கிள் போன கதையைச் சொன்னால் விஷயம் புரியும். ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டு வீடு, பொதுவாக ஒரே கேட். ராத்திரி பத்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஆனால் பால்காரருக்காக நாலரை மணிக்கே யாராவது திறந்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எவனோ உள்ளே வந்து, பின் சக்கரத்தில் பூட்டு போட்டபடியே தூக்கிக்கொண்டு போய்விட்டான். உருட்டினால்தானே பூட்டு தடுக்கும்? தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் அது என்ன செய்யும்?

பூட்டு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சைக்கிளோடு வரும் பின் சக்கரப் பூட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பும் வரைக்கும் போதும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். ரப்பர் சுற்றிய நம்பர் லாக் பார்க்கக் கெத்தாக இருக்கும், உள்ளே இருப்பது மெல்லிய கம்பிதான், நல்ல கட்டிங் பிளேயர் இருந்தால் வேலை முடிந்தது. யூ வடிவப் பூட்டு வாங்குங்கள், இல்லையென்றால் இரும்புக் கடையில் தடித்த சங்கிலியை அளவு சொல்லி வெட்டி வாங்கி, பழைய சைக்கிள் டியூபுக்குள் நுழைத்து (பெயின்ட் உரியாது), ஒரு நல்ல பூட்டு போடுங்கள். கட்டும்போது பின் சக்கரம், ஃபிரேம், அசையாத ஒரு கம்பி மூன்றும் ஒரே வளையத்துக்குள் வரவேண்டும். முன் சக்கரத்தை மட்டும் கட்டினால் சக்கரம் உங்களுக்கு, மிச்சம் அவனுக்கு. நோ பார்க்கிங் பலகைக் கம்பத்தில் கட்டினால் உயரத் தூக்கி மேல் வழியாக உருவிவிடலாம். கரண்ட் கம்பம் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் சைக்கிளை விட உயிர் முக்கியம்.

சரி, ஏரியா. 'நல்ல ஏரியாவா' என்று கேட்டால் எல்லாரும் அண்ணா நகர், கே.கே. நகர் என்பார்கள். தெரு அகலம், மரம், ஓட்டுவதற்குச் சுகம், எல்லாம் உண்மை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், சில தெருக்களில் ஆள் அரவமே இருக்காது. எவனாவது உங்கள் கேட்டில் நின்று பூட்டை அறுத்தால்கூட ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இதற்கு நேர் எதிர். எந்நேரமும் திண்ணையில் யாராவது இருப்பார்கள், புது முகம் வந்தால் "யார் வீட்டுக்கு?" என்று கேட்டுவிடுவார்கள், ஆனால் நிறுத்தத்தான் இடம் இருக்காது. முதல் மாடி வீடாகப் பார்த்து, படிக்கட்டு வளைவில் சைக்கிள் திரும்புமா என்று நிஜமாகவே தூக்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வேலைக்குப் போகும் வழியையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் ஒரு கரை, வேலை மறு கரை என்றால் தினமும் வைகையைக் கடக்க வேண்டும், கோரிப்பாளையம் நெரிசலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நிற்பது காலையிலேயே தெம்பை வாங்கிவிடும். நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 2023-இல் திறந்தது, 7.3 கிலோமீட்டர். வழியில் பஞ்சர் ஆனால் மேலே கடை கிடையாது, நான் கீழேதான் போவேன். எஸ்.எஸ். காலனி, எல்லிஸ் நகர்ப் பக்கம் குடியிருந்தால் ஊருக்குள் வர ரயில் பாதையைத் தாண்டியாக வேண்டும், நல்ல மழை என்றால் மணிநகரம் கர்டர் பாலம் வழியை மறந்துவிடுங்கள், அந்த ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிடும். திருநகர் அமைதிதான், ஆனால் டவுனுக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்கத் தயாரா என்று உங்கள் முட்டியிடம் கேளுங்கள்.

வீடு பிடித்துவிட்டால், அட்வான்ஸுக்கு முன் அந்தத் தெருவுக்கு இரண்டு முறை போங்கள், ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, காலை ஐந்துக்கு ஒன்று. அந்நேரம் வாசல் தெளித்துக் கோலம் போடும் தெருவுக்கு எந்த கேமராவும் ஈடாகாது. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் "அண்ணே, இங்க சைக்கிள் காணாமப் போகுமா?" என்று கேளுங்கள், புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

சைக்கிள் வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் உருளையின் அடியில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கிரீஸும் மண்ணும் போனதும் குத்திய எண்கள் தெரியும், அதுதான் ஃபிரேம் நம்பர். போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். ஸ்கூலில் கொடுத்த இலவச சைக்கிளாக இருந்தால் இது இன்னும் முக்கியம், எல்லாம் ஒன்று போலவே இருக்கும், நம்பர் இல்லாமல் உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? அப்படியே சீட்டைக் கழற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிய காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, சீட் நிற்கும் குழாய்க்குள் போட்டுவிடுங்கள். திருடன் பெயின்ட் மாற்றுவான், குழாய்க்குள் எட்டிப் பார்க்க மாட்டான்.

பில்லுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-ஆம் பிரிவு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றமாக அது ஆகிவிடுகிறது. "பழைய சைக்கிள்தானே, மூவாயிரம் பெறுமா?" என்று ஸ்டேஷனில் கேட்கும்போது நீங்கள் நீட்ட ஒரு காகிதம் வேண்டும். எப்படியானாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு எங்காவது உங்கள் வண்டியைப் பார்த்தால் நீங்களே போய் மல்லுக்கு நிற்காமல், அந்த ரசீதையும் நம்பர் போட்டோவையும் காட்டி போலீஸைக் கூப்பிடுங்கள்.

என் முதல் சைக்கிளுக்கு பில்லும் இல்லை, நம்பரும் தெரியாது. நாலு மாதம் கழித்து அதே வளைந்த மட்கார்டோடு ஒன்றைச் சிம்மக்கல் பக்கம் பார்த்தேன், காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர் ஓட்டிக்கொண்டு போனார். கேட்க வாய் வரவில்லை.