ஓடும்போது சிறுநீர் கசிந்தால்: இடுப்புத்தளத் தசைகளைப் பலப்படுத்தும் முறை

மலையகத்தின் இறக்கங்களில் ஓடும் பெண்களுக்கு, ஒவ்வோர் அடியும் தரையில் விழும்போது வயிற்றினுள் எழும் அழுத்தத்தை சிறுநீர்ப்பையை அடியிலிருந்து ஏந்தி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் தாங்க முடியாமல் போனால், சில துளிச் சிறுநீர் கசியக்கூடும். பிள்ளை பெறாத இளம் பெண்களுக்கும் இது நேர்வதுண்டு. வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் அத்தசைகளை மேல்நோக்கி இழுத்து, மூச்சை அடக்காமலும் பிட்டத்தை இறுக்காமலும் 6 முதல் 8 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துங்கள். இவ்வாறு 8 முதல் 12 தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதங்கள் செய்ய வேண்டும். தளர்த்துவதும் இறுக்குவதைப் போலவே முக்கியம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்கையில் இடையில் நிறுத்திப் பழகுவது கூடாது.

நுவரெலியாக் குளிரில் தும்மலோ இருமலோ வருமுன் தசைகளை இறுக்கிக்கொள்ளுங்கள். செங்குத்து இறக்கங்களைச் சில வாரங்கள் தவிர்த்து, கிரகரி வாவிக் கரையின் சமதரையில் குறுகிய அடிவைத்து ஓடலாம். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

யோனியில் ஏதோ இறங்குவது போன்ற பாரமோ, சிறுநீரில் இரத்தமோ எரிவோ இருந்தால், பயிற்சியை மட்டும் நம்பியிராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தோட்டத்து மருத்துவமாதுவிடம் முதலில் வாய்திறந்து சொல்வது பலருக்கு எளிதாக இருக்கும்.