பாட்டியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் வரும். என் பாட்டிக்கு நான் எழுதினேன். உங்களுக்கு அந்தப் பொறுப்பு வந்தால், முதலில் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற பெண் இறந்ததும் இயேசுவின் சீடரான பேதுரு வருகிறார். விதவைகள் அவரிடம் அவள் குணத்தைப் பற்றிப் பேசவில்லை. அழுதுகொண்டே அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டுகிறார்கள். நீங்களும் பாட்டி செய்ததைக் காட்டுங்கள். ‘அன்பானவர், பக்தியுள்ளவர்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்.

அவருடைய வேதாகமத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். என் பாட்டியின் வேதாகமத்தில் 121-ஆம் சங்கீதத்தின் ஓரம் முழுக்கப் பென்சிலில் பெயர்கள். யாருக்காவது ஆபரேஷன், பிரசவம், பரீட்சை என்றால் அங்கே எழுதி வைத்து ஜெபிப்பார். காரியம் நல்லபடியாக முடிந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. கோடு விழாத பெயர்களும் இருந்தன. அவற்றின் மேல் பென்சில் திரும்பத் திரும்ப ஓடி எழுத்து தடித்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவருடைய ஜெப வாழ்க்கையைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்து, குடும்பத்துக்கு வெளியே கேளுங்கள். நமக்குத் தெரிந்த பாட்டி பாதிதான். ஆலயத்தைத் திறந்து பூட்டுகிறவர், பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர், ஞாயிறு பள்ளியில் அவரிடம் படித்து இன்று பிள்ளைகளைப் பெற்றிருப்பவர்கள் எல்லோரிடமும் பேசுங்கள். “பாட்டி எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “தங்கமானவங்க” என்று முடித்துவிடுவார்கள். “அவங்க வராத ஞாயிற்றுக்கிழமை எந்த வேலை நின்னுபோகும்?” என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்: ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துக் கிண்ணங்கள். எல்லோரும் போன பிறகு கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துத்தான் கவிழ்ப்பாராம். கணவரை இழந்தபின் ஆலயத்துக்கு வரவே தயங்கிய ஒரு பெண்ணை, “துடைக்க ஆள் வேணும், வாம்மா” என்று கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாராம். அந்த அம்மாவே இதைச் சொன்னார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல் சேர்த்தேன். பிறர் துக்கம் கலந்த எதையும் இப்படிக் கேட்காமல் வாசிக்காதீர்கள். பாட்டி இழந்த பிள்ளையைப் பற்றி எழுதுவதென்றால் அப்பாவிடமும் அத்தைகளிடமும் முதலில் காட்டுங்கள்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணம் ஆகியவற்றின் தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். சபைப் பதிவேட்டில் இருக்கும், ஆயரிடம் கேளுங்கள். எல்லாத் தேதிகளையும் ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பற்றிய பகுதிதான் நீண்டுவிடும். தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில், அவன் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது அப்போஸ்தலன் பவுல் அவன் பாட்டி லோவிசாளில் தொடங்குகிறார். அதற்கு ஒரே வசனம் போதுமாக இருந்தது. ஆளுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். பாட்டி தனக்கு மட்டும் செய்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். என் தங்கை சொன்னது: இருட்டுக்குப் பயந்த வயதில், அவள் தூங்கும்வரை அடுத்த அறையிலிருந்து பாட்டி சத்தமாக ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருப்பார்.

மொத்தமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். மௌனமாக வாசித்தால் குறைவாகத்தான் காட்டும். நீண்டால் பட்டங்களையும் பதவிகளையும் எடுங்கள், கிண்ணங்களை எடுக்காதீர்கள்.

பெரிய எழுத்தில் இரண்டு பிரதி அச்செடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று முன் வரிசையில் அண்ணனிடமோ அக்காவிடமோ இருக்கட்டும். நீங்கள் வாசிக்கும்போதே அவரும் கண்ணால் தொடர்ந்து வர வேண்டும். உங்கள் குரல் உடைந்தால், நின்ற வரியிலிருந்து அவர் வாசிப்பார்.