சைக்கிள் முன்விளக்கு: லூமன் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

முன்விளக்கு வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமன் எண்ணை. பணம் வீணாவதும் அங்கேதான். லூமன் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு சாலையில் விழுகிறது, எவ்வளவு மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அந்த எண் உண்மைதானா என்பதைக் கடையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியென்றால் 1,000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். இந்த விளக்குகளில் பரவலாக இருக்கும் 18650 என்ற உருளை பேட்டரியின் கொள்ளளவு 2,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி), அதாவது 2.5 ஆம்பியர்-மணி என்றால், அதை பேட்டரியின் 3.6 வோல்ட்டால் பெருக்குங்கள்; அதில் தேங்கும் மின்சாரம் சுமார் 9 வாட்-மணிதான். முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்காது. ஒற்றை பேட்டரி விளக்கில் ‘1,000 லூமன், 5 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், அந்த ஐந்து மணி நேரமும் 1,000 லூமன் வராது. 18650 பேட்டரியில் ‘9,900 எம்ஏஎச்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த விளக்கை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவு பேட்டரியில் நல்ல தயாரிப்புகளே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

தெருவிளக்கு உள்ள நகரச் சாலைக்கு நிஜமான 200, 300 லூமன் போதும். இருட்டான ஊர்ச்சாலைக்கு 400-லிருந்து 600 வரை பாருங்கள்.

அடுத்து, வெளிச்சத்தின் வடிவம். இதைத்தான் யாருமே பார்ப்பதில்லை. விளக்கின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பளீரென்று ஒரு வட்டம் மட்டும் விழுந்தால் அது டார்ச். பள்ளம் தெரியும், பக்கத்தில் நிற்கும் மாடு தெரியாது. மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக நின்று, கீழே அகலமாகப் பரவினால் அதை வாங்கலாம். ஜெர்மனியின் சாலை விதி சைக்கிள் விளக்குக்கு இப்படி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாத வெளிச்சத்தைத்தான் கேட்கிறது. அங்கே லூமனைவிட, சாலையில் விழும் வெளிச்சத்தைச் சொல்லும் லக்ஸ்தான் கணக்கு. டார்ச் வகை ஏற்கெனவே கையில் இருந்தால் முனையைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்துங்கள். இரவில் மினுக்கும் மோடும் வேண்டாம். நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று எதிரே வருபவருக்குப் பிடிபடாது.

மழைக்கு, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்4 தரம் குறைந்தபட்சம். அதைவிட, சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள். தளர்ந்து தொங்கினால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கடைசியாக, கிளாம்ப். ஹேண்டில்பார் எல்லாச் சைக்கிளிலும் ஒரே தடிமன் இல்லை. பழைய மாடல்களில் 25.4 மில்லிமீட்டர், புதியவற்றில் பல 31.8. முடிந்தால் சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோய், மாட்டி, தட்டிப் பாருங்கள். விளக்கு தலைகுனிந்தால் முதல் வேகத்தடையிலேயே அது உங்கள் முன்சக்கரத்துக்குத்தான் வெளிச்சம் காட்டும்.